குருவி அடிச்சாலும் திரும்பிடலாங்க

அவரோடு நான் காட்டுக்குள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை மொத்தமே கால் மணி நேரம்தான் நடந்தோம். ஓடைக்கரைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். மூக்கைத் தூக்கி இரண்டு தடவை மோந்து பார்த்தார். கையைப் பின்னால் நீட்டி எங்கள் எல்லோரையும் தடுத்தார். "பேடா," என்றார். பயம் வந்தால் அவருக்குத் தமிழ் போய் கன்னடம் வந்துவிடும், 'பேடா' என்றால் 'வேண்டாம்' என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. "பேடா, பேடா. திரும்பிடலாங்க."

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்களே. அதான் திரும்பிடலாங்கறேன்."

விடியுமுன் எழுந்து, பாலக்கோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மாரண்டஹள்ளியில் வேறு பஸ் மாறி, அது நின்ற கடைசி ஊரிலிருந்து ஒரு மணி நேரம் மண் ரோட்டில் நடந்து அங்கே போயிருந்தேன். இரண்டு கொக்கையும் ஒரு மைனாவையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மைனாவை எங்கள் ஆபீஸ் ஜன்னலிலேயே பார்த்திருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவிடம் கூட பேசவில்லை. இத்தனைக்கும் அவளை வற்புறுத்தி இழுத்துப் போனது நான்தான்.

அவர் காட்டிலாகாவில் தினக்கூலி வாட்சர். ஐம்பதை ஒட்டிய வயது. எங்களுக்கு வழிகாட்டி அவர்தான். பெயர் எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தவை இவை. நானும் ஸ்டெல்லாவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள், பக்கத்து பக்கத்து போர்டு. அவள் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ராகிக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் வளர்ந்தவள், அதனால் காடு அவளுக்கு அதிசயம் இல்லை. எனக்குத்தான் பைத்தியம். டிரங்க் கால் போட வருகிறவர் 'ஹலோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதை வைத்துக்கொண்டு பறவைகளையும் குரலிலேயே பிரித்துச் சொல்லப் பழகியிருந்தேன். இலைக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்காமலே நான் பெயர் சொல்ல, மற்றவர்கள் பைனாகுலரில் தேடிக் கண்டுபிடித்து 'ஆமாம்' என்பார்கள். அந்த 'ஆமாம்' எனக்கு சம்பள நாளைவிடப் பெரிது.

எங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு பறவை பார்க்கப் போவோம். மற்ற இரண்டு ஞாயிறு காட்டுக்கு வேலை செய்வோம். கண்ணிக் கம்பிகளைத் தேடி எடுப்பது, ஓடையில் மணல் மூடிய குழிகளைத் தோண்டி விடுவது, உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது. உண்ணிச்செடி மண்டிவிட்டால் அடியில் புல் முளைக்காது, மானுக்குத் தீனி இல்லை. இதற்கெல்லாம் அனுமதி கொடுத்த ரேஞ்சர் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"பறவையப் பாருங்க, செடியப் புடுங்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒங்க தப்பால ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கேட்டைப் பூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் ஒரு குருவியும் கிடையாது."

இதைக் கேட்டு நாங்கள் தலையாட்டினோம். எங்கள் வாட்சர் மட்டும் தலையாட்டவில்லை. காட்டிலாகா பங்களா வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராக, செருப்பிலிருந்து தலை வரைக்கும், கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் நடப்பார், முகம் பின்னால் இருக்கும். ஐந்தடிக்கு ஒரு தடவை திரும்பித் தலைகளை எண்ணுவார். யாராவது ஷூ கயிறு கட்டக் குனிந்தால் எண்ணிக்கை தவறி, பாவம், வெலவெலத்துப் போவார். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தால் பங்களா ஆணியில் தொங்கவிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வாசனை போகுமாம். பவுடர் கூடாது. சில்லறை குலுங்கும் பர்ஸ் கூடாது. இருமல் உள்ளவர்களை, "நீங்க இன்னைக்கு வூட்ல இருந்திருக்கலாங்களே," என்று மனசு நோகாமல் பங்களாவிலேயே உட்கார வைத்துவிடுவார். யானைச் சாணத்தைக் கண்டால் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் திரும்பிவிடுவோம். ஆறியிருந்தால், "ஆறிப்போச்சு. அப்ப எங்க போச்சுதுங்க அது?" என்று யோசித்து, அதற்கும் திரும்பிவிடுவோம்.

பறவைகளின் பெயர் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அவரிடம் இரண்டே ஜாதிதான் உண்டு. சொல்லும் குருவி, சொல்லாத குருவி. தவிட்டுக்குருவிக் கூட்டம் புலியோ பாம்போ எதைக் கண்டாலும் சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், ஆகவே அது சொல்லும் குருவி. புறா எது வந்தாலும் வாயைத் திறக்காது. "அது எதுக்கும் ஒதவாதுங்க," என்பார். ஆள்காட்டி எதற்கெடுத்தாலும் கத்தும். அதை அவர் சொந்தக்காரனைப் போல நேசித்தார்.

எங்கள் குழுவில் அவருக்கு 'திரும்பிடலாம்' என்றே பெயர் வைத்திருந்தோம். வைத்தது நான். ஒரு தடவை அவர் மனைவி பங்களாவுக்குச் சோறு கொண்டுவந்தபோது சொன்னார், குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போய் பாதிப் படியில் இருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கிய கதையை. மேலே கூட்டம் நெருக்கியதாம், படி ஈரமாக இருந்ததாம்.

"சாமிக்குத் தெரியாதுங்களா நாம வந்தது? கீழ இருந்தே சொல்லிட்டேன்னு சொல்றாருங்க இந்த மனுசன். எம் மவளுக்கு முடியெறக்க வேண்டிக்கிட்டதே பாக்கி நிக்குது," என்று அந்த அம்மா சொல்ல, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணினார்.

இப்படிப்பட்டவர் அதற்கு முன்னால் லாரி டிரைவர் என்றால் யார் நம்புவார்கள்? பெங்களூருக்கும் சேலத்துக்கும் பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார், தொப்பூர் கணவாய் வழியாக. அங்கே எப்போது போனாலும் ஏதாவது ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கும். பெரிய விபத்தில் மாட்டி, அதில் பயந்துதான் வேலையை விட்டிருப்பார் என்று நாங்களாக முடிவு கட்டியிருந்தோம். ஒரு நாள் டீ குடிக்கும்போது ஸ்டெல்லா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆக்சிடென்ட் ஆச்சுங்களாண்ணா?"

"இல்லீங்களே. பதினெட்டு வருசத்துல ஒரு கீறல் இல்ல. ஒரு ஆட்டுக்குட்டிய கூட தட்னதில்ல."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"அதாங்க பயம். எல்லாருக்கும் ஒன்னு ஆயிருச்சு, எனக்கு மட்டும் ஒன்னும் ஆவலீங்களே. இனிமேதான் வரோணும்னு அர்த்தம். சாவிய மொதலாளி கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

அன்று அதையும் கேலி செய்தேன். பயப்படுகிறவன் எதற்குக் காட்டு வேலைக்கு வர வேண்டும், ரேஷன் கடையில் எடை போடலாமே என்று பஸ்ஸில் சொன்னேன். ஸ்டெல்லா, "பயப்படறவரு கூடப் போறதுதான்டி நல்லது," என்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வருஷமாக ஆறுமணிக்குருவியைப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து, புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். உடம்பில் ஒன்பது நிறம் இருக்கும் என்பார்கள். குரல் மட்டும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதை நெருங்கும் நேரம் அவருக்கு ஏதாவது வாடை வரும். திரும்பிவிடுவோம்.

இனி அந்த விசில்.

குழு சிதறி வேலை செய்யும்போது கத்திக் கூப்பிடக் கூடாது என்பது அவர் விதி. தகரப் பீப்பியும் வேண்டாம், யானைக்குக் கோபம் வரும் என்பார். நாக்கை மடித்து, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். மூன்று சுரம். முதல் இரண்டும் ஏறும், மூன்றாவது நீண்டு இறங்கும். அது கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, வந்த வழியே, பேசாமல் பங்களாவுக்குத் திரும்பிவிட வேண்டும். அவர் அடித்த விசில்களுக்குக் கணக்கே இல்லை. சில ஞாயிறுகளில் மண்வெட்டியை எடுத்தவுடனே விசில் வந்துவிடும்.

ஒரு மார்கழிக் காலை, ஓடைக்கரையில் நாங்கள் எல்லோரும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது, மேலே மலைச்சரிவில் இருந்து அதே விசில் வந்தது. அவர் வாயில் விரல் இல்லை, டீ டம்ளர் இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் அடிக்கலீங்க," என்றார். "வேற யாரோ. பேடா, பேடா, எந்திரிங்க." சொந்த விசிலுக்குப் பயந்து எங்களைக் கிட்டத்தட்ட ஓட்டமாகவே திருப்பிக் கூட்டிவந்தார்.

இரண்டு வாரம் கழித்து நான்தான் கண்டுபிடித்தேன். துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு நீளக் கம்பி, கம்பி முனையில் துடுப்பு மாதிரி இறகு. எந்தக் குரலைக் கேட்டாலும் திருப்பிச் சொல்கிற பறவை. இவர் அடித்து அடித்து, அது இவரையே பாடம் பண்ணிவிட்டது. நாங்கள் அன்று சிரித்த சிரிப்பில் காட்டில் இருந்த எல்லா விலங்கும் ஓடியிருக்கும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விசில மாத்திரலாங்க," என்றார். "இது கெட்டுப்போச்சு."

"எதுக்குண்ணா மாத்தணும்?" என்றேன். "மாத்தினா அதையும் நாலு மாசத்துல கத்துக்கும். நல்லாக் கேளுங்க, அதுக்கு மூணாவது சுரம் குட்டையா இருக்கு. இழுக்கத் தெரியல. உங்களுது நீளம். நான் இருக்கேனே, எனக்கு வித்தியாசம் தெரியும். நான் சொல்றேன் எது யாருன்னு."

மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். என் காதின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேட்டரம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் ஒன்னு செய்யலாங்க. யாரு அடிச்சாலும் திரும்பிடலாங்க. குருவியே அடிச்சாலும் திரும்பிடலாம்."

"அப்ப நாம பங்களாவிலேயே உட்கார்ந்து தாயம் ஆடலாம்," என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் விதி அங்கேயே செத்தது. அதற்கப்புறம் விசில் கேட்டால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் 'கரிச்சான்' என்றால் வேலை நடக்கும். 'அவர்' என்றால் திரும்புவோம். பத்து மாதத்தில் ஒரு தடவைகூட என் காது தப்பவில்லை. அவர் மட்டும், குருவி அடித்தாலும் தான் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி பின்னால் வைப்பார்.

அடுத்த ஐப்பசி மழை நன்றாகப் பெய்து மண் இளகியிருந்தது. உண்ணிச்செடி பிடுங்கத் தோதான நேரம். அந்த ஞாயிறு ஓடையின் முதல் வளைவு வரைக்கும் எங்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தார். வளைவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, "இதுக்கு அந்தாண்ட போவாதீங்க. அங்க செடி ஆள் ஒசரம் இருக்குது, உள்ள என்னா நின்னாலும் தெரியாது," என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பிறகு ஓடைக்கு நடுவில் ஒரு பாறை மேல் ஏறி நின்றுகொண்டார்.

நானும் ஸ்டெல்லாவும் துணி கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தோம். உண்ணிச்செடி முள் கையெல்லாம் கீறியிருந்தது. அவளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூட்டமான காலை. அப்போது, வளைவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், ஆறுமணிக்குருவி கூப்பிட்டது.

நான் கடப்பாரையைப் போட்டேன். "வா," என்றேன். அவள் துணியைக் காட்டினாள். "அஞ்சு நிமிஷம்டி. பாத்துட்டு வந்துடலாம்," என்றேன். அவள் வர விரும்பவில்லை. என்னைத் தனியாக விட மனசில்லாமல் வந்தாள்.

இருபது முப்பது அடி போயிருப்போம். சருகு அசைந்தது. பச்சை முதுகு ஒன்று, வால் அடியில் சிவப்பு. கண்ணாலே பார்த்துவிட்டேன். மூன்று வருஷ ஆசை, ஒரு நொடி. புதருக்குள் போய்விட்டது. நான் குனிந்தேன். அப்போதுதான் விசில் கேட்டது.

"விசிலு," என்றாள் ஸ்டெல்லா.

நான் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மறுபடியும் வந்தது. இரண்டு சுரம் ஏறி, மூன்றாவது குட்டையாக முறிந்தது.

"கரிச்சான்," என்றேன். "பாரு, கடைசி இழுக்கல."

"இல்லடி, எனக்கு என்னமோ அவரு மாதிரி இருக்கு. திரும்பிடலாம்."

"நீயுமா? சும்மா இரு, குருவிய ஓட்டிவிட்டுடாத."

மூன்றாவது தடவை இன்னும் கிட்டத்தில் கேட்டது. அப்போதும் கடைசிச் சுரம் குட்டைதான். ஓடிக்கொண்டே அடித்தால் எந்த மனிதனாலும் கடைசிச் சுரத்தை இழுக்க முடியாது, மூச்சு பற்றாது. இது எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ குரல்களைக் கேட்ட காது, ஆனால் ஓடிவருகிறவனின் விசிலை அது ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் எப்போதும் நின்ற இடத்திலிருந்து, ஆபத்துக்கு ரொம்ப முன்னாலேயே அடித்துவிடுவார்.

செடிகள் முறிகிற சத்தம் வலது பக்கத்தில் கேட்டது. எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கஜத்தில் யானையின் தலை உயர்ந்தது. குட்டி வைத்திருந்த பெண் யானை. நான் அசையவே இல்லை. ஸ்டெல்லா ஓடினாள். ஓடைப் பாறை பாசி பிடித்து வழுக்கியது, விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் காது நல்ல காது அல்லவா.

அவர் எந்தப் பக்கம் இருந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. "பேடா, பேடா, பேடா," என்று அழுகிற குரல் மட்டும் வந்தது. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. முகம் கோணிப்போயிருந்தது. ஸ்டெல்லாவை அக்குளில் பிடித்து இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் இழுத்துப் போட்டார். அப்புறம் என் முடியைப் பிடித்து என்னையும் இழுத்துப் போட்டார். எங்கள் மேல் அவர் கவிழ்ந்து கிடந்தார். யானை பாறை வரைக்கும் வந்து, மண்ணை வாரி இறைத்துவிட்டு, பிளிறி, குட்டியைத் தள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. அந்த நேரத்திலும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்னு, ரெண்டு. ஒன்னு, ரெண்டு.

பங்களாவின் கயிற்றுக் கட்டிலில் ஸ்டெல்லாவைத் தூக்கி வந்தோம். ரேஞ்சரின் ஜீப் தற்செயலாக அப்போதுதான் வந்து நின்றது. அதிலேயே தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. தையில் நடக்க வேண்டிய கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம் தள்ளிப்போனது. கோயிலுக்குள் அவள் சாய்ந்து சாய்ந்துதான் நடந்து போனாள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறாள்.

ஜீப் போனதும் ரேஞ்சர் எங்கள் எல்லோரையும் பங்களாக் கூடத்தில் நிற்க வைத்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். ரவிக்கையெல்லாம் சேறு.

"விசில் அடிச்சியா?" என்று அவரைக் கேட்டார் ரேஞ்சர்.

"இல்லீங்க சார்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. யானை இருக்கறது தெரிஞ்சு விசில் அடிச்சியா, இல்லியா?"

"அடிக்கலீங்க. மறந்துட்டேங்க."

"மறந்துட்டியா? நீயா? விசிலடிச்சு இவங்கதான் கேக்காம போனாங்களா?"

"இல்லீங்க சார், இல்லீங்க. எந் தப்புதாங்க. நான் அடிக்கவே இல்லீங்க."

கேட்கும்போதெல்லாம் ரேஞ்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சலில் வெளியே பார்க்கிறார் என்று நினைத்தேன். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். அவர்கள் விசிலைக் கேட்டிருந்தாலும், அன்றைக்கு என் முகம் பக்கத்தில் இல்லாததால் யாருடையது என்று தெரியாமல் இருந்திருப்பார்கள். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தம் என்று எழுதினால் அது பொய். எனக்கு வந்தது நிம்மதி.

அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேட்டைப் பூட்டவில்லை. அடுத்த மாதம் புது வாட்சர் வந்தார், தைரியசாலி, வளைவுக்கு அந்தப் பக்கமும் கூட்டிப் போனார். நான் இரண்டு ஞாயிறு போனேன். கரிச்சான் விசிலடித்தால் போதும், எனக்குக் கால் தானாகப் பின்னால் போனது. மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு போகவில்லை.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து போர்டில் அவள் நாற்காலி நான்கு மாதம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து வந்த கோடையில் ஒரு நாள் மாரண்டஹள்ளிக்குப் போனேன். அவர் தக்காளி மண்டியில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். ரிவர்ஸில் வரும் ஒரு லாரிக்கு முன்னும் பின்னும் ஓடி, "நிறுத்து, நிறுத்து, ஆளு இருக்குது," என்று பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆள் பத்தடி தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தம்மா நடக்குதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

நடக்கிறாள் என்றேன். பிறகு, சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். விசில் கேட்டது, மூன்று தடவையும் கேட்டது, கரிச்சான் என்றேன், ரேஞ்சரிடம் போய்ச் சொல்லப் போகிறேன். அவருக்குத் தமிழ் போய்விட்டது.

"பேடா, பேடா. வேணாங்க ஆபரேட்டரம்மா. அடிச்சேன், இவங்க கேக்கலன்னு சொன்னா கேட்டைப் பூட்டிருவாங்க. வாட்சர் தப்புன்னா வாட்சரை மாத்துவாங்க, அவ்ளோதான். காட்டுக்கு நீங்க பத்துப் பேரு வர்றதாலதான் கண்ணிய எடுக்க ஆள் இருக்குது. எனக்கு இங்க ஒன்னும் கொறையில்லீங்க. நீங்க அன்னைக்குப் பேசாம இருந்தது ரொம்ப நல்லதாப் போச்சுங்க."

அவர் மனசார சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் இப்போது காட்டுக்குப் போவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. ரேஞ்சரிடமும் போகவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அவரை அப்புறம் பார்க்கவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து தர்மபுரியில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்த ரேஞ்சர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரிட்டயராகி, தலை முழுக்க நரைத்து, காதில் மிஷின் வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு எப்படியும் அங்கேதான் போய் நிற்கும் என்று தெரிந்ததால் நானே முந்திக்கொண்டேன்.

"சார், அன்னைக்கு அவர் விசிலடிச்சாருங்க."

"தெரியும்மா," என்றார், அப்பளத்தை ஒடித்துக்கொண்டே. "நான் ஜீப்புல ஓடைப் பாலத்துல வந்துட்டிருந்தேன். விசில் எனக்கே கேட்டுச்சு. மூச்சு வாங்க அடிச்சிட்டே ஓடறான்."

"அப்புறம் ஏன் சார் அவரை…"

"நான் அவனை மூணு தடவை கேட்டேனே, ஞாபகம் இருக்கா? மூணு தடவையும் உங்க மொகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க சொல்லிட்டா போதும், அவனை விட்டுடலாம்னு இருந்துச்சு. அவனுக்கும் அது தெரிஞ்சிருச்சு. அதான் நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள அவசர அவசரமா இல்லீங்க, இல்லீங்கன்னான். நீங்க எங்க வாயத் தொறந்துருவீங்களோன்னு அவனுக்கு பயம்மா."

பரிமாறுகிறவர் வந்து என் இலையில் எதையோ வைத்துவிட்டுப் போனார். எங்கள் வாட்சர் பட்ட பயங்களில் அது ஒன்றுதான் அநாவசியமானது.